லூச்சோ தல்லாவை ஒரே பாட்டுக்குள் அடைக்காதீர்கள்

இத்தாலியப் பாடகர் லூச்சோ தல்லாவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது 'கரூசோ' என்ற பாட்டில் போய் நின்றுவிடுகிறது. அதையும் ஆப்பரா பாடகர் பவரோட்டி குரலில் கேட்டவர்களே அதிகம். நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. 1986இல் தென் இத்தாலியக் கடலோர ஊரான சொரெந்தோவில், ஒரு காலத்தில் புகழ்பெற்ற ஆப்பரா பாடகர் என்ரிகோ கரூசோ தங்கியிருந்த ஓட்டல் அறையில் தங்கி எழுதியது. ஆனால் தல்லாவின் உச்சம் அதுவல்ல, 1977 முதல் 1980 வரை வந்த மூன்று ஆல்பங்கள்தான் என்பது என் கட்சி.

அவர் பாட்டெழுத வந்தவரே இல்லை. பொலோன்யாவில் பிறந்து, இளம் வயதிலேயே கிளாரினெட்டும் கையுமாக ஜாஸ் குழுவில் வாசித்தவர். குரலையும் ஓர் ஊதுகருவியாகவே கையாண்டார். முணுமுணுப்பாகப் பேசிக்கொண்டே வருவார், சட்டென்று உச்சஸ்தாயிக்குத் தாவுவார், சொல் போதாத இடத்தில் வெறும் அசைகளை வைத்தே விளையாடுவார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவரை யார் மறுபடி பாடினாலும் எனக்கு ஏதோ குறைகிறது.

1971இல் சான்ரெமோ என்ற இத்தாலியப் பாட்டுப் போட்டி விழாவில் மூன்றாம் இடம் பிடித்து அவரை நாடறியச் செய்த பாட்டின் தலைப்பு அவருடைய பிறந்த தேதி: 4/3/1943. முதலில் வைத்த 'குழந்தை இயேசு' என்ற பெயர் தணிக்கையில் அடிபட்டது. வரிகள் பாவோலா பல்லொத்தீனோ எழுதியவை. அடுத்து கவிஞர் ரொபெர்த்தோ ரொவெர்சியோடு மூன்று ஆல்பங்கள். ஒன்றுக்குப் பெயரே 'கந்தக டை ஆக்சைடு'! காதலைத் தவிர வேறெதையும் பாடத் தயங்கிய பாப் உலகில் காரையும் நகரத்துப் புகையையும் பாட எவ்வளவு துணிச்சல் வேண்டும். மூன்றாவது ஆல்பத்தில், 1976இல், இசை நிறுவனம் கைவைத்தது பொறுக்காமல் ரொவெர்சி தன் பெயரையே எடுத்துவிட்டுப் புனைபெயர் போட்டார். கூட்டணி உடைந்தது.

அப்போது தல்லாவுக்கு 33 வயது. வேறொரு கவிஞரைத் தேடியிருக்கலாம். தேடவில்லை, தானே எழுத உட்கார்ந்தார். அந்த முடிவைத்தான் நான் கொண்டாடுகிறேன். அவர் மெட்டு எப்போது பேசும், எப்போது பாடும் என்பது அவருக்குத்தானே தெரியும்? 1977 ஆல்பத்திலிருந்து வரியும் மெட்டும் ஒரே மூச்சில் பிறந்ததுபோல இருக்கின்றன.

1979 ஆல்பத்தில், நண்பனுக்குக் கடிதமாக வரும் 'வரப்போகும் வருடம்' பாட்டைக் கேளுங்கள். முன்னாள் பிரதமர் அல்தோ மோரோ தீவிரவாதிகளால் கடத்திக் கொல்லப்பட்டு ஓராண்டுகூட ஆகாத இத்தாலி. இரவில் வெளியே போக மாட்டாத ஜனம், சன்னலோரம் மணல் மூட்டை அடுக்குகிறவர்கள். புத்தாண்டில் எல்லாம் மாறிவிடும், கிறிஸ்துமஸே மூன்று முறை வரும் என்று டிவி சொன்னதாக எழுதுகிறார். பிறகு, நம்பிக்கை வைக்க என்னென்ன கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது பார் என்று நண்பனிடமே ஒப்புக்கொள்கிறார். பயத்தை இவ்வளவு எளிய மெட்டில் வைத்து ஒரு நாட்டையே கூடச் சேர்ந்து பாடவைத்தவர் இவர்.

புதிதாகக் கேட்பவர்கள் இந்த 1979 ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுங்கள். 'கரூசோ'வை அதற்குப் பிறகு கேளுங்கள், அதையும் தல்லாவின் குரலிலேயே.