கண்ணாடிக்கு ஏழாயிரம், வயருக்கு நானூறு

பழைய எஸ்.யூ.வி.க்கு இன்டிகேட்டர் பதித்த சைடு மிரர் மாட்டுவது வெறும் பகட்டு என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் சொன்னார். பகட்டு என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதை நம் ஊர்க் கடைகளில் மாட்டித் தருகிற விதத்தைப் பற்றியும், அப்படி மாட்டித் தரும்படி அவர்களை நாமே பழக்கி வைத்திருப்பதைப் பற்றியும் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. என்னுடையது 2008-இல் பதிவான டீசல் வண்டி. எந்த நிறுவனத்துடையது என்று எழுத மாட்டேன். எழுதினால் பின்னூட்டம் முழுவதையும் அந்த நிறுவனத்தின் அபிமானிகளும் எதிரிகளும் பங்கு போட்டுக்கொள்வார்கள், வயரிங் பேச்சு அடிபட்டுப் போகும். பதினைந்து ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஆர்.சி.யை மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து, பெங்களூரில் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டியை வைத்துக்கொண்டு டில்லியில் அல்லாடிய என் மைத்துனனுக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

சில்க் போர்டு சந்திப்பிலோ டின் ஃபேக்டரி அருகிலோ ஒரு மாலை நேரம் வண்டி ஓட்டியவருக்கு இந்தக் கண்ணாடியின் தேவையை விளக்க வேண்டியதில்லை. நம் வண்டிக்கும் பக்கத்து டெம்போவுக்கும் நடுவே இரண்டடி இடம் கிடைத்தால் போதும், பைக்குகள் வரிசையாக நுழைந்துவிடும். அப்படி நுழைந்த ஒருவர் என் முன் கதவுக்கு நேரே வந்து நிற்கும்போது, முன் மூலை இன்டிகேட்டர் உயரமான பானெட்டுக்கு அப்பால் மறைந்துவிடுகிறது. பின் விளக்கை அவர் ஏற்கெனவே கடந்து வந்துவிட்டார். முன் சக்கரத்தை மூடியிருக்கும் ஃபெண்டரில் உள்ள சிறிய விளக்கோ அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் எங்கோ மினுக்குகிறது. சைடு மிரர் ஒன்றுதான் அவர் கண் மட்டத்தில் இருக்கிறது. ஹேண்டில் பார் அதில் இடித்துவிடக் கூடாதே என்று அவர் எப்படியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வருவார். 1998-இல் மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸ் காரில் இன்டிகேட்டரைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தபோது பெங்களூரின் ஸ்கூட்டர்காரர்களை நினைத்திருக்காது. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் முழுப் பயன் இங்கேதான் கிடைக்கிறது என்பேன்.

என் வண்டியின் பிற்கால மாடலுக்கு வந்த கண்ணாடி என் கதவிலும் அதே துளைகளில் உட்காரும் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். ஜோடி ஏழாயிரம் ரூபாய், மாட்டுகிற கூலி நானூறு. "அரை மணி நேரம் சார், டீ குடிச்சிட்டு வந்துடுங்க" என்றான் கடைப் பையன். நான் டீ குடிக்கப் போனேன். இந்தக் கதையில் என் பங்குக் குற்றம் அந்த டீதான். பழைய கண்ணாடியின் கப்ளரில், அதாவது வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் செருகியில், ஐந்து பின்: கண்ணாடியை மேல் கீழ், இட வலமாகத் திருப்பும் இரண்டு மோட்டார்களுக்கு ஒரு பொது வயரையும் சேர்த்து மூன்று, மடக்கும் மோட்டாருக்கு இரண்டு. புதியதில் இன்டிகேட்டருக்கு இரண்டு கூடி ஏழு. ஒன்றுக்குள் ஒன்று மாட்டாது என்பதால் பையன் இரண்டு கப்ளர்களையும் வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றி, கதவு அட்டையை மூடிவிட்டான். நிறத்துக்கு நிறம் சேர்த்திருக்கிறான் போலும். நிறங்கள் இரண்டு மாடல்களிலும் ஒன்றல்ல. இன்டிகேட்டர் அழகாக எரிந்தது. மேல் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இடப்பக்கம் திரும்பியது. அதைச் சொன்னபோது, "ஒரு வாரத்துல பழகிடும் சார்" என்றான். வெட்கத்தோடு சொல்கிறேன், பழகியும் விட்டது.

ஐந்து வாரம் கழித்து, ஓசூர் சாலையில், மழையில், இரவு பத்து மணிக்கு இடப்பக்கம் ஒதுங்குவதற்காக இன்டிகேட்டரைப் போட்டேன். இரண்டு முறை மின்னிவிட்டு நின்றது. அதன் பிறகு இடமும் இல்லை, வலமும் இல்லை. மறுநாள் வீட்டருகே ஒரு ஒர்க்‌ஷாப்பில் இடப்பக்கக் கதவை விரியத் திறந்து, காலடியில் இருக்கும் பியூஸ் பெட்டியில் போயிருந்த 10 ஆம்பியர் பியூஸை மாற்றினார்கள். எல்லாம் சரியாக எரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பித் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பியதும் மறுபடி போயிற்று. திரும்பிப் போனால், "அடிக்கடி போகுதுன்னா இருபது போட்டுடலாம் சார்" என்றார் அங்கிருந்தவர். இந்த ஒரு யோசனையை இதற்கு முன் எத்தனை வண்டிகளில் அவர் செயல்படுத்தியிருப்பார் என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் 21 வாட் பல்பு, ஃபெண்டரில் 5 வாட், ஆக 47 வாட். 12 வோல்ட்டில் அது நான்கு ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. அபாய விளக்கு போட்டு இரண்டு பக்கமும் எரிந்தாலும் எட்டைத் தாண்டாது. அதனால்தான் அந்த இடத்தில் 10 வைத்திருக்கிறார்கள். அங்கே இருபதைப் போட்டால் பழுது அப்படியே இருக்கும். பியூஸுக்குப் பதில் கதவுக்குள் இருக்கும் மெல்லிய வயர் சூடாகும், அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் பஞ்சும் புகையும்.

கடைசியில் லிங்கராஜபுரத்தில், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்து தங்கிவிட்ட ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "கதவு தெறந்திருக்கும்போது போகுதா தம்பி, சாத்தியிருக்கும்போது போகுதா?" என்பது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பைத் தொடுத்தார். எங்காவது ஷார்ட் ஆனால் பியூஸ் ஒவ்வொன்றாகப் போகாமல் அந்தப் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். இடப்பக்க இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு, தூங்கும் பிள்ளையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல வண்டிக் கதவை மெல்ல மெல்லத் தள்ளினார். கடைசி இரண்டு அங்குலம் வரை மங்கலாக விட்டுவிட்டு எரிந்த பல்பு, கதவு வாசலைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையான பீடிங்கில் அமர்ந்ததும் கண்ணைக் கூசும்படி அடித்தது. திறந்தால் மங்கல், சாத்தினால் பளிச். மூன்று முறை செய்து காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பீடிங்கை உரித்தபோது காரணம் தெரிந்தது. வண்டியின் உடம்பிலிருந்து கதவுக்குப் போகும் வயர்களுக்கென்றே கீல்களுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்க் குழாய் இருக்கிறது. அதற்குள் புது வயரை நுழைப்பது சிரமம் என்று, கடைப் பையன் அதை வெளியே விட்டு, பீடிங்குக்கு அடியில் ஒளித்து, கதவின் ஓரமாக உள்ளே எடுத்திருந்தான். ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் தகரத்தின் விளிம்பு அதைக் கடித்திருக்கிறது. ஓர் அரிசி நீளத்துக்குத் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. மழைநீர் பட்டு அதுவும் பச்சை பிடித்திருந்தது. மின்சாரம் திரும்பிப் போகும் எர்த்துக்கு அவன் கதவிலிருந்த ஒரு ஸ்க்ரூவைப் பிடித்திருந்தான். கதவுக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பு பெயின்ட்டும் கிரீஸும் துருவும் ஏறிய கீல்கள் வழியாகத்தான்; அதை நம்பி எர்த் கொடுத்தால் விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது.

பெரியவர் செய்த வேலையை முழுநேரமும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த முறை டீ எங்களிடமே வந்தது. மின்சாரம் எடுக்கும் இடமாக அவர் ஃபெண்டர் விளக்கைத் தேர்ந்தெடுத்தார். அதன் கப்ளரிலிருந்து பின்னை ஊசியால் நெம்பி வெளியே எடுத்து, முதலில் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் ஸ்லீவைக் கோத்துக்கொண்டு, கம்பெனி வயரை வெட்டாமல் விரல் அகலத்துக்குத் தோலை மட்டும் நீக்கி, புது வயரைச் சுற்றி ஈயம் வைத்து, ஸ்லீவைச் சூடு காட்டி இறுக்கி, பின்னைத் திரும்பக் கப்ளருக்குள் தள்ளினார். வயர் பல இழை கொண்ட 0.5 சதுர மில்லிமீட்டர். கதவில் தினம் மடங்கி நிமிரும் இடத்தில் ஒற்றைக் கம்பி தாங்காது என்றார். ரப்பர்க் குழாய்க்குள் வயரை நுழைக்க அவர் பயன்படுத்தியது பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று. அதன் நுனியில் வயரைக் கட்டி, குழாயின் வாயில் சோப்புத் தண்ணீர் விட்டு, திருகித் திருகித் தள்ளினார். எண்ணெய் விட்டால் இன்னும் எளிதாக வழுக்குமே என்றேன். "எண்ணெ பட்டா ரப்பர் உப்பிடும் தம்பி. அப்புறம் மழத்தண்ணி உள்ள போகும்" என்றார். குழாய்க்குள் ஒரு ஜாயின்ட்கூட வரக்கூடாது, கதவு முழுதாகத் திறந்தாலும் இழுபடாத அளவுக்கு வயரில் தொய்வு வேண்டும், எர்த் தனி வயராக உடம்புக்கே வர வேண்டும் என்பவை அவரிடம் பேச்சுக்கே இடமில்லாத விஷயங்கள். பிறகு கண்ணாடி முனையில் வெட்டுப்பட்ட வயர்களை எடுத்துக்கொண்டு, மல்டிமீட்டருக்குப் போடும் 9 வோல்ட் பேட்டரியால் இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு ஜோடிக்குக் கண்ணாடி மேலே போயிற்று, ஒரு ஜோடிக்குப் பக்கவாட்டில் திரும்பியது, ஒன்றுக்கு இன்டிகேட்டர் மங்கலாக எரிந்தது; அதையே மாற்றித் தொட்டால் எரியவில்லை. பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், எல்.இ.டி.க்கு அப்படியில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஏழு பின் கப்ளர் ஒன்றைப் புதிதாகப் போட்டார். இனி என்றாவது கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தால் கத்தி தேவைப்படாது. மேல் பொத்தானை அழுத்தினால் இப்போது கண்ணாடி மேலே போகிறது, நான்தான் தடுமாறுகிறேன்.

இதை எழுதும்போதே சிலர் கேட்பார்கள் என்று தெரியும்: எல்.இ.டி. போட்டால் இன்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடிக்காதா? இருக்கும் பல்புகளை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடி விளக்கைக் கூடுதலாகச் சேர்த்தால் அடிக்காது. அது இழுக்கும் மின்சாரம் மற்றவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. முன்னும் பின்னும் உள்ள 21 வாட் பல்புகளைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் எல்.இ.டி. போடுகிறவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை. மின்சாரம் குறைந்ததும், இன்டிகேட்டரை மின்னவைக்கும் பழைய ஃப்ளாஷர் ஒரு பல்பு பியூஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, வேகமாக அடித்து ஓட்டுநருக்குத் தெரிவிக்கிறது. அதற்குக் கடைகளில் தரும் வைத்தியம் 6 ஓம் ரெசிஸ்டர். எல்.இ.டி. மிச்சம் பிடித்த மின்சாரத்தை முழுவதும் சூடாக்கி வீணடிப்பதற்கென்றே ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி, அதைப் பிளாஸ்டிக் பம்பருக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டி வைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எல்.இ.டி.க்கு ஏற்ற எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் அதே கடையிலேயே கிடைக்கிறது.

கண்ணாடிகளில் நீல ஒளி, வெள்ளை ஒளி என்று விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இன்டிகேட்டர் அம்பர் நிறத்தில், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சளில் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்கின்றன. தகுதிச் சோதனைக்குப் போகும் பழைய வண்டிக்காரர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. புது வண்டி வைத்திருப்பவர்கள் என் பதிவைப் பார்த்துவிட்டுக் கதவு அட்டையைக் கழற்றவும் வேண்டாம். அவற்றில் விளக்குகளைக் கட்டுப்படுத்துவது கணினிப் பெட்டி. எங்கே எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்துகொண்டே இருக்கும், கூடுதலாக ஒரு வயரைக் கண்டால் எச்சரிக்கை விளக்கைப் போட்டாலும் போடும். வெளியார் கை பட்ட வயரிங்கைத் தொட மாட்டோம் என்று சர்வீஸ் சென்டரில் ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பீடிங்குக்கு அடியில் இருந்ததைப் பார்த்த பிறகு, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பெரியவர் ஒரு கதவுக்கு மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு 1,500 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். இதை வீட்டில் சொன்னபோது, இரண்டு வயருக்கு ஆயிரத்தைந்நூறா என்றார்கள். நண்பர்களும் அதையே சொன்னார்கள். ஏழாயிரம் கொடுத்துக் கண்ணாடி வாங்கியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிறது, ஸ்லீவுக்குள் இருக்கும் ஈயம் தெரியவில்லை. நானூறு ரூபாய்க்கு அரை மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால், ரப்பர்க் குழாய்க்குள் ஸ்போக்ஸ் கம்பி விட்டுத் திருகிக்கொண்டிருக்க அந்தப் பையனுக்கு நேரம் ஏது? அவன் கெட்டிக்காரன்தான், கப்ளர் வராத கண்ணாடியை அந்த அரை மணி நேரத்தில் எரியவைத்துக் காட்டினானே. ஒரு கதவுக்கு அரை நாள் என்றும், அதற்கு இவ்வளவு கூலி என்றும் பலகையில் எழுதிப்போட அந்தக் கடைக்காரர் துணிந்தால், நாமெல்லோரும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவோம் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பெரியவரின் எண்ணைக் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு வண்டிக்கு மேல் அவர் தொடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. அதே பையன் அதே சனிக்கிழமை மாட்டிய என் வலப்பக்கக் கதவே இன்னும் அவரிடம் வரிசையில் நிற்கிறது. அதுவரை அந்தப் பக்கக் கண்ணாடி விளக்கின் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.