பொக்லைன் வருவதற்கு முன்னால்

நிலம் திருத்தும்போது எங்காவது ஒரு கூடு விழுந்துவிட்டால் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். யாரோ ஒருவர் குஞ்சுகளைப் பொறுக்கி அட்டைப்பெட்டியில் வைப்பார். படம் வரும். எல்லாரும் போய்க் கண்ணீர் பொம்மை போடுவோம், நானும்தான். மறுநாள் மிச்ச மரங்களும் விழும். பெட்டியிலிருந்த குஞ்சுகள் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் கேட்காமல் இருப்பதே நல்லது.

வண்டி வந்து நின்ற பிறகு காட்டுகிற இரக்கத்தால் பெரிய பயன் இல்லை என்பது என் கட்சி. கூடுகட்டும் பறவையைக் காப்பாற்றுவது வேலை அட்டவணை போடுகிற மேசையில் நடக்க வேண்டிய காரியம். எந்த மாதம் புதர் அகற்றுவது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று அங்கே எழுதுகிறார்கள் பாருங்கள், அப்போதே பாதி விஷயம் முடிந்துபோகிறது.

தையல்சிட்டு அடைகாப்பது சுமார் 12 நாள். குஞ்சு கூட்டைவிட்டுக் கிளம்ப இன்னொரு இரண்டு வாரம். ஏறக்குறைய ஒரு மாதத்தில் கூடு காலி. ஒரு கட்டுமானத் திட்டம் அனுமதி, கடன், வரைபடத் திருத்தம் என்று எத்தனை மாதம் கிடப்பில் கிடக்கிறது! அதற்கெல்லாம் யாரும் பதறுவதில்லை. கூட்டுக்காக நாலு வாரம் என்றால்தான் தலை போகிற தாமதமாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், 'சும்மா கிடக்கிற இடம்தானே' என்கிற பேச்சு. செம்மூக்கு ஆட்காட்டிக்கு அந்தச் சும்மா கிடக்கிற இடம்தான் வேண்டும். மரமோ புதரோ அதற்குத் தேவையில்லை. கட்டாந்தரையில் லேசாகக் குழி பறித்து, சுற்றிலும் நாலு கூழாங்கல்லை வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் முட்டைகள். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தட்டாது. வெயில் கொளுத்தும்போது தாய் போய் வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். ஒரு நாள் அப்படி ஒரு பறவை கத்திக்கொண்டே என் தலைக்கு மேல் வட்டமடித்தது. நான் கூட்டை நெருங்க நெருங்கச் சத்தம் கூடியது, விலகினால் குறைந்தது. முட்டைகளைக் கண்ணால் பார்க்கும் முன்பே அவை எந்தத் திசையில் இருக்கின்றன என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சூப்பர்வைசர் நினைத்தால் இவ்வளவு சுலபமாகத் தெரிந்துகொள்ளலாம். அடைகாப்பு நாலு வாரம். பொரிந்த குஞ்சுகள் சீக்கிரமே ஓட ஆரம்பித்துவிடும். அதுவரை சுற்றிலும் கயிறு கட்டி, அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற பக்கம் வேலை பார்க்க முடியாதா?

ஆனால் கூட்டின் பக்கத்திலேயே சிவப்புக் கொடி நட்டுவைக்காதீர்கள். காக்கை உங்களைவிடக் கெட்டிக்காரப் பிறவி. அடையாளம் தள்ளித்தான் இருக்க வேண்டும்.

புதர் வெட்டுகிற முறையையும் சொல்லியாக வேண்டும். சாதாரணமாக வண்டி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வரும். கௌதாரிக் குஞ்சோ முயலோ, தரையில் ஓடக்கூடிய எதுவானாலும், நடுவில் மிஞ்சுகிற திட்டில் போய் ஒடுங்கும். கடைசிச் சுற்றில் அதுவும் போய்விடும். ஒரு பக்கம் தொடங்கி, வெட்டாத புதர் இருக்கிற பக்கமாக மெதுவாக நகர்ந்தாலே ஓடுவதற்கு வழி கிடைத்துவிடும். இதற்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. டிரைவரிடம் யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அஸ்திவாரத்துக்குத் தோண்டிக் குவித்த மண்ணும் பறவைகளை இழுக்கும். பஞ்சுருட்டான்களும் மணல் தகைவிலான்களும் செங்குத்தான மண்சுவரில் வளை தோண்டி முட்டையிடுகிறவை. இரண்டு மாதம் தொடாமல் கிடந்த குவியலின் வெட்டுமுகம் அவற்றுக்கு ஆற்றங்கரை மாதிரிதான். குவியலை எடுக்கப்போவது நிச்சயம் என்றால், முதலிலேயே பக்கங்களைச் சரிவாக்கிவிடுங்கள். அவை வளை தோண்டிய பிறகு விழித்துக்கொண்டு பயனில்லை.

பட்டமரத்தை மட்டும் யாரும் மதிப்பதே இல்லை. ஆபத்து என்று முதலில் வெட்டுவது அதைத்தான். மரங்கொத்தியும் குக்குறுவானும் மரத்தில் பொந்து குடைகின்றன. அவை காலி செய்த பொந்துக்குக் கிளி, மைனா, புள்ளி ஆந்தை என்று போட்டி நடக்கிறது. வெட்டிய மரத்துக்குப் பதிலாகப் பத்துக் கன்று நடுகிறோம் என்கிறார்களே, அந்தக் கன்றில் ஒரு பொந்து விழ எத்தனை பத்தாண்டு ஆகும்? அதுவரை கிளி எங்கே போகும்? கட்டடத்தின் மேல் விழாத தூரத்தில் இருக்கிற பட்டமரம் பாட்டுக்கு நிற்கட்டுமே.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் வலசைப் பறவைகளுக்கான சட்டம் 1918-லேயே வந்துவிட்டது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டிக்கொண்டிருக்கிற அல்லது பயன்பாட்டில் இருக்கிற கூட்டை வேண்டுமென்றே அழிப்பது குற்றம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூடுகளைக் கலைப்பதையும் வேட்டையின் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது.

சட்டம் வந்தால் சந்தும் வரும். பிரிட்டனில் சில கட்டுமான நிறுவனங்கள், கூடு இருந்தால்தானே வெட்டக்கூடாது என்று, பறவை உள்ளேயே போகாதபடி மரங்களையும் வேலிச்செடிகளையும் முன்கூட்டியே வலை போட்டு மூடின. 2019-இல் அது பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. இத்தனை நேரம் மாதக் கணக்குப் பேசிய எனக்கும் அது இடிக்கிறது. கூடு இல்லாத மாதத்தில் மொத்தப் புதரையும் வழித்தெடுத்தால் முட்டை உடையாது, உண்மைதான். அடுத்த பருவத்தில் திரும்பி வருகிற பறவைக்கு ஒரு கிளைகூட இருக்காதே! ஆகவே மாதம் பார்ப்பதோடு, பகுதி பகுதியாக எடுக்கவும் வேண்டும். ஒரு பக்கம் புதிதாக நட்டது தழைக்கும்வரை மறு பக்கம் நிற்க வேண்டும். எது கடைசிவரை தொடாமல் இருக்கும் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

'கூட்டை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைத்தால் என்ன?' என்று கேட்பார்கள். 2018-இல் கனடாவின் ஒட்டாவாவில் ஓர் இசைவிழா மேடை போட வேண்டிய இடத்தில் கில்டீர் என்கிற பறவை, நம் ஆட்காட்டிக்கு உறவுக்காரி, நான்கு முட்டையிட்டிருந்தது. அரசிடம் அனுமதி வாங்கி, வல்லுநர்கள் கூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். தாய் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து உட்கார்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். குஞ்சு பொரித்தது. சந்தோஷம். ஆனால் எல்லாப் பறவையும் அப்படித் திரும்பி வராது, எல்லா இடத்திலும் அவ்வளவு பொறுமையும் கிடையாது. ஆகவே தெரியாதவர்கள் கூட்டில் கை வைக்காமல் இருப்பதே உத்தமம்.

வேலை தொடங்கும் முன் பறவை தெரிந்த ஒருவர் காலையில் சுற்றிப் பார்த்தாலே நிறையப் புரியும். வாயில் புல்லோடு பறக்கிறதா, புழுவோடு ஒரே புதருக்குத் திரும்பத் திரும்பப் போகிறதா என்று பார்த்தால் போதும், ஒவ்வொரு கிளையாக விலக்கித் தேட வேண்டியதில்லை. போன மாதம் பார்த்தது இந்த மாதத்துக்கு உதவாது. வெட்டுவதற்குச் சில நாள் முன்பு பார்த்திருக்க வேண்டும்.

சரி, வண்டி வாடகை ஓடுமே, யார் கொடுப்பது? நியாயமான கேள்வி. ஒப்பந்தத்தில் எதுவும் இல்லாவிட்டால் அந்த நஷ்டம் ஒப்பந்ததாரர் தலையில்தான் விழும். அப்படியிருக்கும்போது அவர் கூட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனால் அவரைத் திட்டி என்ன பயன்? மழைக்கு, வேலைநிறுத்தத்துக்கு எல்லாம் ஒப்பந்தத்தில் கூடுதல் நாள் ஒதுக்குகிறார்கள். கூடு கண்டால் அந்தப் பகுதியில் வேலையை நிறுத்தலாம், அந்த நாட்களுக்கு அபராதம் இல்லை, காத்திருப்புச் செலவு நில உரிமையாளருடையது என்று அதே இடத்தில் இரண்டு வரி எழுதினால் போதும்.