அந்தக் கையெழுத்து நீதிபதியுடையது

செவ்வாய்க்கிழமை இரவு தூக்குத் தண்டனை பற்றிய விவாதத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "தூக்குன்னு தீர்ப்பு வந்தாச்சு, தேதி குறிக்க எதுக்கு மறுபடியும் கோர்ட்? ஜெயில் அதிகாரிகிட்ட விட்டா மறுநாளே முடிஞ்சிடும்" என்றார் அதில் பேசிய ஒருவர். அரங்கமே கைதட்டியது. அந்தக் கையெழுத்து நீதிபதியுடையது என்று நான் போட்ட ஒற்றை வரிக்கு வந்த பதில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

திரும்பவும் சொல்கிறேன். தண்டனையை நிறைவேற்றச் சொல்லிச் சிறைக்குப் போகும் உத்தரவுதான் வாரண்ட். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தத் தண்டனையைக் கொடுத்த நீதிபதி. அவர் மாற்றலாகிப் போயிருந்தால், அந்த நாற்காலிக்கு வந்தவர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 425ஆவது பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 465. மந்திரி இல்லை, போலீஸ் இல்லை, ஜெயிலரும் இல்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் வேலூர் சிறையில் இருந்த மூன்று பேருக்குத் தூக்கு 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தது ஞாபகம் இருக்கிறதா? சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதில் ஒருவரான பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையாகி அம்மாவோடு நின்றார். மறுநாளே முடித்திருந்தால்?

நீதிபதியும் அவசரப்படுவார் என்பீர்கள். ஆமாம், அவசரப்பட்டிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்து அம்ரோஹா கொலை வழக்கில் 2015 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. ஆறே நாளில் செஷன்ஸ் கோர்ட் வாரண்ட் போட்டது. தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுவுக்கான 30 நாள் முடியவில்லை, கருணை மனுவும் பாக்கி. மே 27 அன்று உச்ச நீதிமன்றமே அந்த வாரண்ட்டை ரத்து செய்தது. கொல்லப்பட்டவர்கள் ஒரே குடும்பத்தில் ஏழு பேர். கொடூரம்தான், அதற்காக முறையை விட முடியாது. கோர்ட்டின் தவறைக் கேட்க மேலே ஒரு கோர்ட் இருந்தது. ஜெயிலில் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

நிர்பயா வழக்கில் நாலு முறை வாரண்ட் போட்டு, கடைசியில் 2020 மார்ச் 20 அன்றுதானே நிறைவேறியது என்கிறார்கள். இழுத்தடித்தார்கள், அந்தத் தாயை அலைக்கழித்தார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கோர்ட்டே வேண்டாம் என்றாகிவிடாது.

"உன் வீட்டுப் பெண்ணுக்கு நடந்திருந்தால்" என்று கேட்டவருக்கு: எனக்கும் இரண்டு மகள்கள். அவர்களை இழுக்காமல் பேசத் தெரியாதா உங்களுக்கு?

வாரண்ட் வெறும் காகிதமாம். எங்கள் சித்தப்பாவுக்கு வரப்புத் தகராறில் மூன்று மாதத் தண்டனை. ஏற்கெனவே ரிமாண்டில் இருந்த 22 நாளைக் கழிக்க வேண்டும். வாரண்ட்டில் அந்த இடத்தை யாரோ நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். "இதில் எழுதியிருப்பதைத்தான் நாங்கள் செய்ய முடியும்" என்றார்கள் சிறையில். அவர்கள் சொன்னதும் சரிதான். மனுப் போட்டு, திருத்திய தாள் வந்து சேர்வதற்குள் ஒன்பது நாள் கூடுதலாக உள்ளே இருந்தார். சித்தி தினமும் காலண்டரில் அடித்துக்கொண்டே வந்தவர், கணக்குப்படி வெளியே வர வேண்டிய நாளோடு அடிப்பதை நிறுத்திவிட்டார். சித்தப்பா இன்றைக்கு வரைக்கும் அந்த ஒன்பது நாளைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஒரு சின்னத் தண்டனையிலேயே, ஒரு கட்டம் காலியாக இருந்ததற்கு இவ்வளவு. அதையும் திருத்திக் கொடுத்தது கோர்ட்தான். உயிரை எடுக்கிற தாளை வேறு யாரிடமோ கொடுக்கச் சொல்கிறீர்கள்.

என் வரிக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் இரண்டு பேர் அன்று சித்தப்பாவுக்காக என்னோடு அந்தச் சிறை வாசலில் சாயங்காலம் வரை நின்றவர்கள். அதுதான் தாங்கவில்லை.