"உங்க ஹைட் என்ன சார்?"

ரோடு பைக், அதாவது ரேஸ் சைக்கிள், வாங்கப் போன என்னிடம் கடையில் கேட்ட ஒரே கேள்வி இதுதான். 170 செ.மீ. என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "56 சைஸ் உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும் சார்" என்றார். 56 என்பது ஃபிரேமின் அளவு, செ.மீ. கணக்கில். அந்த மாடலில் விற்காமல் கிடந்ததே அந்த ஒரு 56தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் தோள், கை, கழுத்து என்று டேப்பை இழுத்து இழுத்து அளக்கிறார். எழுபதாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு ஒரு டேப் கிடையாதா? செருப்பைக் கழற்றி, சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால் இடுக்கில் இறுக்கி வைத்துத் தரையிலிருந்து அளக்க இரண்டு நிமிடம் போதும். வீட்டுக்கு வந்து நானே அளந்தேன். 80 செ.மீ. அதை 0.67-ஆல் பெருக்கினால் ஃபிரேம் சைஸ் என்பது பழைய கணக்கு, 53.6 வருகிறது. என் உயரமே உள்ள மச்சானுக்குக் கால் 76தான், அவன் கணக்கு 51. உயரத்தை வைத்து என்னத்தைச் சொல்வது?

அந்தக் கணக்கும் ஃபிரேமின் மேல் குழாய் நேராக இருந்த காலத்துக்கானது. இப்போது குழாய் பின்பக்கம் சரிகிறது. ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் எம். பார்க்க வேண்டியது ஸ்டாக், ரீச்: பெடல் கைகள் சுற்றுகிற நடு அச்சிலிருந்து ஹேண்டில் பக்கக் குழாயின் மேல்முனை எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால். அதைக் கேட்டால் கடையில் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் மிதித்தால் கோவளம் வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும், சுண்டு விரல் மரத்துப் போகும். போய்ச் சொன்னேன். "பழகிடும் சார்." பழகவில்லை. ஹேண்டிலைத் தாங்கி நீட்டியிருக்கும் 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டார்கள், அதற்கும் காசு. இப்போது லேசாகத் தும்மினாலே ஹேண்டில் அலைபாய்கிறது. சரி என்று சீட்டை முன்னால் தள்ளினேன். முட்டியின் முன்பக்கம் வலி ஆரம்பித்தது. சீட்டைத் தள்ளுவது முட்டிக்காகச் செய்கிற வேலை, கை எட்டாததற்கு அது வைத்தியமே இல்லையாம். இதையும் நானேதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் விற்றுவிடலாம் என்று விளம்பரம் போட்டேன். நேற்று ஒரு பையன் போன் செய்தான். "அண்ணா, நான் அஞ்சு அடி ஆறு. எனக்கு செட் ஆகுமா?"

"கால் எவ்வளவு தம்பி?"

"ஷூ சைஸாண்ணா? எட்டு."