ஏ-வா, ஆன்-ஆ? மறுபடியும் முதலிலிருந்தா?

ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஏ (a) போடுவதா, ஆன் (an) போடுவதா என்ற பஞ்சாயத்துதான். “யூனிவர்சிட்டிக்கு ஏன் ஆன் வராது? யூ உயிரெழுத்துதானே?” விடிந்தால் போதும், இதே கேள்வி. ஐயா, எழுத்தை விடுங்க, காதைத் தீட்டுங்க! உயிரொலியில் தொடங்கினால்தான் ஆன்; இங்கே வாயில் முதலில் வருவது ‘ய’. அதனால் ஏ யூனிவர்சிட்டி, ஏ யூபிஎஸ். அதே யூவில் தொடங்கும் அம்பிரெல்லா ‘அ’ என்று ஒலிக்கிறது, அதற்கு ஆன். ஹவரில் ஹெச் ஊமை, ஆன் ஹவர். தலையை ஆட்டிவிட்டு அடுத்த நிமிஷமே “எம்எல்ஏவுக்கு?” எம் என்பதே ‘எ’வில்தானே தொடங்குது! ஆன் எம்எல்ஏ, ஆன் எஸ்எம்எஸ். தமிழில் எழுதிப் பார்த்தாலே முக்கால்வாசி விளங்கிவிடும். (ஒன்-வே மட்டும் கழுத்தறுக்கும், சொல்வது ‘வன்’, ஆக ஏ ஒன்-வே.) இவ்வளவும் கேட்டுவிட்டு ஒருத்தர் வருவார்: “அப்போ யூரோப்பியனுக்கு ஆன்தானே சார், ஈ-யில்தானே தொடங்குது?” நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?