பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாவிட்டாலும் சைபர் செக்யூரிட்டி படிக்கலாம்

"பயாலஜி குரூப் எடுத்தவர்களுக்கு பி.இ. சைபர் செக்யூரிட்டியில் இடம் கிடையாது, கிளவுட் (இணையம் வழியாகப் பயன்படுத்தும் கணினி வசதி) பாடமும் புரியாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்ஆஃப் கணக்கிடுவது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்குத்தான், அதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண்ணே வராது, ஆக கணிதத்தோடு பயாலஜி படித்த பிள்ளைகளும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அப்புறம் அடிப்படை தெரியாதே என்ற பயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை வைத்திருந்தார்கள், நெட்வொர்க், கிளவுட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சந்தேகம் இருந்தால் கலந்தாய்வு இணையதளத்தில் உள்ள தகவல் கையேட்டைப் பாருங்கள். ஆசையோடு இருக்கும் ஒரு பிள்ளை அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடக் கூடாது, தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.