ஹாட்வரா ராலோஃபா: அங்கே கட்சி முடிவாவதில்லை

தம்பி, ஸ்கைரிம் வீடியோ கேமின் தொடக்கத்தில் ஹெல்கன் கோட்டைக்குள் ஹாட்வர் பின்னால் ஓடினால் உள்நாட்டுப் போரில் இம்பீரியல் கட்சி, ராலோஃப் பின்னால் ஓடினால் எதிரணியான ஸ்டார்ம்கிளோக் கட்சி, அப்புறம் மாற்றவே முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. மன்னார்குடியில் என் அக்கா பையன் இதே பேச்சை நம்பி, நன்றாக வளர்த்து வைத்திருந்த சேவ் ஃபைலையே அழிக்கப் போனான். அந்த ஓட்டம் யாரோடு தப்பிக்கிறோம் என்பதற்கு மட்டும்தான். கட்சியில் சேருவது இம்பீரியல் நகரான சாலிட்யூடிலோ ஸ்டார்ம்கிளோக் நகரான விண்ட்ஹெல்மிலோ நீங்களே போய் உறுதிமொழி எடுக்கும்போது.

அதற்குப் பிறகும் ஒரு வழி இருக்கிறது. கோர்வன்ஜண்ட் இடிபாட்டில் ட்ராகர் என்ற நடமாடும் பிணங்களை வீழ்த்தி, இரு தரப்பும் தேடும் பல்முனைக் கிரீடத்தை (Jagged Crown) எடுக்கிறீர்கள் இல்லையா, இம்பீரியல் பக்கம் சேர்ந்தவராக இருந்தாலும் அதை இம்பீரியல் தளபதி டுல்லியஸிடம் கொடுக்காமல் நேரே விண்ட்ஹெல்முக்குக் கொண்டுபோய் ஸ்டார்ம்கிளோக் தலைவன் உல்ஃப்ரிக் கையில் கொடுத்தால் அங்கேயே கட்சி மாறிவிடும், எதிர்ப்பக்கமும் இப்படித்தான். கிரீடத்தைக் கொடுத்தபிறகுதான் கதவு மூடுகிறது, அதனால் கொடுக்கும் முன் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள்.

எந்தப் பக்கமும் சேராமலே முக்கிய எதிரியான டிராகன் ஆல்டுயினை முடிக்கலாம் என்பதையும் சொல்லியிருக்கலாம். போர் முடியாமல் கிடந்தால் ஹை ஹ்ரோத்கர் மலை மடத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துத் தற்காலிகச் சமாதானம் பேச வேண்டிவரும், அவ்வளவுதான்.